இரண்டாயிரத்து இருநூற்று ஆறாம் மூடி

அக்டோபர் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலிருந்து தூறல், காற்று அறவே இல்லை. பதினொரு மணிக்குச் சற்று வெளுத்த வானம், எதையோ மறந்துவிட்டுப் போனவர் திரும்பி வருவதைப் போல மீண்டும் கறுத்தது.

எங்கள் தெருவின் கடைசிக் கட்டடம் சலவைக்கூடம். முன்பகுதியில் இயந்திரங்கள், பின்பகுதியில் குடும்பம், இரண்டுக்கும் நடுவே ஒரு தகரக் கதவு. மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு வண்டியில் வந்து இறங்கும். மறுநாள் அதே வண்டியில் மடித்துக் கட்டப்பட்டுத் திரும்பும். கறை படிந்தவை ஒருபுறம், படியாதவை ஒருபுறம் எனப் பிரித்தபின் ஊறல், சோப்பு, பிளீச், மூன்று அலசல், பிழிதல். மழைக்காலத்தில் ஈரம் எளிதில் விடாது. ஆகையால் பாய்லரை ஒட்டிய அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி விரிப்புகளைத் தொங்கவிடுவார்கள். அந்த அறைக்குள் நடப்பவர் வெள்ளைச் சுவர்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு செல்லவேண்டும். இறுதியில் ரோலர். சூடேறிய அந்த நீண்ட உருளைக்குள் இரண்டு பெண்கள் விரிப்பின் இரு முனைகளையும் பிடித்துச் செலுத்துவார்கள். மறுபுறம் நின்று வாங்கி மடிப்பவர் உரிமையாளரின் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா. நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். உருளையின் விளிம்பு இருபது ஆண்டுகளாகச் சுட்டுச் சுட்டு, அக்காவின் முன்கைகளில் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் இணைகோடுகள் விழுந்திருந்தன.

உரிமையாளரை அங்கு வேலை செய்யும் ஆறு பெண்களும் முதலாளி என்றே அழைப்பார்கள். அந்த முதலாளி காலை முதல் மாலை வரை வெறுங்காலுடன் சோப்புத் தண்ணீரில் நிற்பவர். என்றோ ஒரு நாள் இயந்திரக் கதவு கழன்று விழுந்ததில் அவருடைய இடதுகால் பெருவிரல் நகம் நடுவே பிளந்து, இரண்டு நகங்களாக வளர்ந்திருந்தது.

அன்று நண்பகலில் ஓர் ஊழியர் வந்து ஓர் உறையைக் கொடுத்தார். கையொப்பம் வாங்கிக்கொண்டு, தேநீரை மறுத்துவிட்டுச் சென்றார்.

"என்ன போட்டிருக்கு பாரேன். கண்ணாடிய எங்கயோ வச்சுத் தொலைச்சிட்டேன்" என்றார் முதலாளி.

"உங்க தலைமேலதான் ஏறி உக்காந்திருக்கு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். நீயே படி. உன் வாயால கேட்டாலாவது நல்ல சேதியா இருக்கும்."

அக்கா ரோலரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படித்தார். மழைநீர் வடிகால் வரைபடத்தின்படி, கால்வாயில் கண்டறியப்பட்ட சோப்பு நுரையும் குளோரினும் மூடி எண் இரண்டாயிரத்து இருநூற்று ஆறின் வழியாகக் கலக்கின்றன. அம்மூடி தங்கள் சலவைக்கூடத்தின் வளாகத்தில் அமைந்துள்ளது. ஆகவே வரும் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சலவைக்கூடம் மூடி முத்திரையிடப்படும்.

முதலாளி சிரித்தார். "மழைத்தண்ணி மூடி நம்ம இடத்துலயா? இருபது வருஷமா இங்கதான் நிக்கிறேன். என் காலுக்குத் தெரியாம ஒரு மூடியா?"

அவர் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. தெருவில் பெய்யும் மழை வடிகால் வழியே கால்வாய்க்குப் போகும். வீடுகளிலும் கூடங்களிலும் பயன்படுத்திய நீர் பாதாளச் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இவ்விரண்டும் கலக்கலாகாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒருவரும் கேட்காமலேயே, அவர் கூடத்தின் தரையைத் தோண்டி, கொல்லையில் ஒரு தொட்டி கட்டி, தம் கழிவுநீர் முழுவதையும் பாதாளச் சாக்கடையில் இணைத்தவர். அதற்கான அனுமதிக் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள், அவர்களுடைய திருமணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

"இந்தப் படத்தைக் கழட்டிக் கொண்டுபோய்க் காட்டினா முடிஞ்சுது" என்றார்.

"எந்தப் படத்த?"

"ரெண்டையும்தான். ரெண்டும் நான் ஒழுங்கா நடந்துக்கிட்டதுக்குச் சாட்சி."

ஆறு பெண்களும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தக் கூடத்தில் கேட்ட கடைசிச் சிரிப்பு அது என்று கூறமாட்டேன். அதற்குப் பின்னும் அவர்கள் சிரித்ததுண்டு. ஆனால் அவை வேறு வகையானவை.

ஒன்றரை மணிக்கு அக்காவின் தம்பி சாப்பிட வந்தார். முப்பத்தைந்து வயது. நகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவில் கணக்கெடுப்பாளர். தெருத்தெருவாக நடந்து, வடிகால் மூடிகளைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றையும் கையடக்கத் திரையில் ஒரு புள்ளியாகக் குறிப்பது அவருடைய பணி. ஆகவே அவருக்குப் பெயரே புள்ளி. "பெரிய புள்ளி வர்றாரு, நாற்காலிய எடுத்துப் போடுங்க" என்று பெண்கள் நாள்தோறும் கேலி செய்வார்கள். அவரும் நாள்தோறும் அதற்கு வெட்கப்படுவார்.

அக்கா சோறும் வறுத்த முட்டையும் வைத்தார். புள்ளி நனைந்த காலுறைகளைக் கழற்றி பாய்லர் குழாயின்மேல் காயப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க ஆளுங்க எங்களுக்கே நோட்டீஸ் அனுப்பியிருக்காங்கடா" என்றார் அக்கா. "எங்கயோ இருக்கிற மூடியக் கொண்டுவந்து நம்ம தலையில கட்டுறாங்க. நீ போய் ஒரு வார்த்தை சொல்லு."

"எந்த மூடிக்கா?"

"ரெண்டாயிரத்து இருநூத்தி ஆறு."

புள்ளி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"என்னடா?"

"அது என் மூடிக்கா."

"உன் மூடின்னா?"

"நான் போட்ட புள்ளி. இங்க உக்காந்து போட்டது." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன நவம்பர்ல, ஒருநாள் சொட்டச் சொட்ட வந்தேனே, ஞாபகம் இருக்கா? தெருமுனை மூடி ஒண்ணுதான் பாக்கி. முழங்கால் அளவு தண்ணி. எங்க இருக்குன்னே தெரியல."

கணக்கெடுப்பாளர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. நீரில் மூழ்கிய மூடியைத் திறக்க இயலாதபோது, அருகில் நனையாத ஓர் இடத்தில் நின்று அதைக் குறித்துவிடுவார்கள். கோடையில் வந்து உரிய இடத்துக்கு நகர்த்துவார்கள். இதனை அவர்கள் ஈரப்புள்ளி என்பார்கள். எல்லோரிடமும் ஈரப்புள்ளிகள் இருந்தன. ஒருவரும் அதைத் தவறென்று கருதியதில்லை. ஆனால் கோடையில் புள்ளிக்கு வேறு பகுதி ஒதுக்கப்பட்டது. அவர் மறந்துபோனார்.

"இருக்கிற இடம் தப்பு, அவ்வளவுதானே? நகத்திட்டா போச்சு" என்றார் முதலாளி.

"இடம் மட்டும் இல்ல மாமா. போட்டோ."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போதுதான் மற்ற இருவருக்கும் அது நினைவுக்கு வந்தது.

மூடி திறந்திருக்கும் படமும், உள்ளே நீர் ஓடும் படமும் இல்லாமல் அந்தத் திரை எந்தப் புள்ளியையும் ஏற்காது. சென்ற நவம்பரில் புள்ளி அதைச் சொல்லிப் புலம்பியபோது, தீர்வு கூறியவர் முதலாளி. "தண்ணி ஓடணும், அவ்வளவுதானே மாப்ள? நம்ம கொல்லைத் தொட்டியில ராப்பகலா ஓடுதே" என்று கடப்பாரையை எடுத்துவந்து தொட்டியின் மூடியை நெம்பித் தூக்கியவரும் அவரே. திரை நனையாமல் குடை பிடித்தவர் அக்கா. மைத்துனன் வேலையை முடித்துவிட்டுச் சூடாக ஏதாவது குடிக்கட்டும் என்பதற்கு மேல் அன்று எவருக்கும் வேறு எண்ணம் இல்லை. இவ்வாறு, சோப்பு நுரை ததும்பும் கழிவுநீர்த் தொட்டியின் படம், மழைநீர் வடிகாலின் படமாக வரைபடத்தில் ஏறியது.

"அப்ப நான்தான் தூக்கினேன்" என்றார் முதலாளி.

"நான்தான் குடை பிடிச்சேன்" என்றார் அக்கா.

"நான் போய்ச் சொல்லிடுறேன்" என்றார் புள்ளி.

"சொன்னா உன் வேலை?"

புள்ளி காலுறைகளை எடுக்க எழுந்தார்.

"இரு மாப்ள, அவசரப்படாத" என்றார் முதலாளி. "இது போயி உன்னோடதும் போனா, யாரு யாரைத் தாங்குறது? நெசமான மூடி தெருமுனையில இருக்கில்ல? அதைத் திறந்து காட்டுவோம். அதுல நுரை வந்தா, நுரை நம்மளோடது இல்லன்னு ஆயிடும். உன் போட்டோவப் பத்தி யாரு கேக்கப்போறா?"

அக்கா தட்டைத் தம்பியின் பக்கம் நகர்த்தினார். "மொதல்ல சாப்பிடு. சாப்பிடாம இருந்தா மட்டும் அந்தப் புள்ளி நகந்துடுமா?"

அவர் சாப்பிட்டார். பின்பு முதலாளி கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னே நடக்க, புள்ளி பின்னே சென்றார். நான் என் வாசலில் நின்றிருந்தேன். என்னவென்று கேட்டு உடன் சென்றேன். தூறல் விட்டிருந்தது. தெருமுனையில் தேநீர்க் கடைக்கு எதிரே, மூடி இருக்கவேண்டிய இடத்தில், வழவழப்பான புதிய தார்ச்சாலை இருந்தது.

முதலாளி கடப்பாரையின் அடிப்பக்கத்தால் ஒவ்வோர் அடியாகத் தட்டிப் பார்த்தார். எங்கும் ஒரே ஓசை.

"என்னய்யா, புதையலா?" என்றார் தேநீர்க் கடைக்காரர்.

"இங்க ஒரு மூடி இருந்துச்சே."

"இருந்துச்சு. மே மாசம் ரோடு போட்டாங்கல்ல? கையில மேப்ப வச்சிக்கிட்டு, இருக்கிற மூடியெல்லாம் செங்கல் வச்சு உசத்திக் கட்டினாங்க. நல்ல வேலைதான், குத்தம் சொல்ல முடியாது. நான் போயி, தம்பி இங்க ஒண்ணு இருக்குப்பான்னேன். மேப்புல இல்லீங்க, உங்களுக்குத்தான் அப்படித் தோணுதுன்னுட்டான். எனக்குத் தோணுதாம்! தினம் காலையில அதுமேலதான் பெஞ்சு போடுவேன். அப்புறம் ரோலர் வண்டி ஏறிடுச்சு."

புள்ளி சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து, கையால் தாரைத் தடவினார்.

"இங்க போட வேண்டிய புள்ளியத்தான் உங்க வீட்ல போட்டேன் மாமா. அதான் ரோடு போட்டவங்க மேப்புல இது இல்ல."

"புரியுது" என்றார் முதலாளி. கடப்பாரையைச் சாலையில் ஊன்றினார். "பெரிய புள்ளியாத்தான் போட்டிருக்க மாப்ள."

அக்டோபர் பதினைந்தாம் நாள், புதன்கிழமை. விட்டு விட்டு மழை.

வரைபடப் பிரிவு நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இருந்தது. அங்குள்ள பொறியாளர் ஐம்பது வயதை நெருங்கும் பெண்மணி; குரலை உயர்த்தாதவர். பிற்காலத்தில் அவரைத் தெருவில் பலர் திட்டினார்கள். அக்கா ஒருபோதும் திட்டவில்லை. அக்காவும் புள்ளியும் சென்றிருந்தார்கள். சட்டமிட்ட அனுமதிக் கடிதத்தை அக்கா மடியில் வைத்திருந்தார்.

பொறியாளர் பெரிய திரையில் எங்கள் பகுதியைக் காட்டினார். நீலக் கோடுகள் வடிகால்கள், புள்ளிகள் மூடிகள், அம்புகள் நீரோடும் திசை. கால்வாய் வாயில் பொருத்திய கருவி நுரையை உணர்ந்ததும், கணினி அம்புகளின் வழியே பின்னோக்கி ஏறி, ஒவ்வொரு மூடியின் படத்தையும் பார்த்து, சோப்பு நீர் தெரிந்த ஒன்றில் நின்றுவிட்டது. சலவைக்கூடத்தின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவர் அதைத் தொட்டதும் படம் விரிந்தது. திறந்த தொட்டி, நுரை, கடப்பாரையின் நுனி, அதன் அருகே வெறுங்கால் ஒன்று, பெருவிரலில் பிளந்த நகம்.

"இது யாரு கால்?"

"என் வீட்டுக்காரர் கால்" என்றார் அக்கா.

புள்ளி எல்லாவற்றையும் கூறினார். பொறியாளர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நான் நம்புறேன்" என்றார் பிறகு. "ஆனா நான் நம்புறதால ஒண்ணும் ஆகாதும்மா. ஒரு மூடிய மேப்புலேருந்து எடுக்கணும்னா, அந்த இடத்துல மூடியும் குழாயும் இல்லன்னு தோண்டிக் காட்டணும். தோண்ட அனுமதி கேட்டா, இதே மேப்பப் பாத்துத்தான் குடுப்பாங்க. அங்க குழாய் ஓடுதுன்னு மேப்பு சொல்லுது. ஓடுற குழாய்மேல தோண்ட அனுமதி கிடையாது."

"அப்ப தெருமுனையில தோண்டலாமே? அங்கதான் மேப்புல ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாத இடத்தை எதுக்குத் தோண்டணும்னு கேப்பாங்க. புது ரோடு வேற."

அக்கா மடியிலிருந்த சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பொறியாளர் அதைப் படித்தார், மரியாதையாகத்தான் படித்தார்.

"உங்க தண்ணி சாக்கடைக்குப் போகுதுன்னு இது சொல்லுது. வேற குழாய் கிடையாதுன்னு சொல்லலையேம்மா."

"இல்லாத குழாய்க்கு யாருங்க கடுதாசி குடுப்பா?"

பொறியாளர் சன்னல் பக்கம் பார்த்தார். மழை வலுத்திருந்தது.

"ஒரே வழிதான்" என்று புள்ளியிடம் கூறினார். "நீங்க எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்புறேன். ஆனா யோசிச்சு எழுதுங்க. ஒரு புள்ளி பொய்னா, நீங்க போட்ட ஆயிரத்து நூத்திச் சொச்சமும் சந்தேகம்தான். அத்தனையும் திரும்ப அளக்கணும். மழை முடியாம அளக்க முடியாது. பிப்ரவரி ஆகும். அதுவரைக்கும் மேப்புல இருக்கிறதுதான் செல்லும். உங்க வேலை நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட முடிஞ்சிடும்."

"நான் எழுதினா, நாளைக்கு சீல் வைக்கிறது நிக்குமா?"

"நிக்காது."

"எழுதலன்னா?"

"அப்பவும் நிக்காது. பிப்ரவரியிலகூட மாறாது."

அக்கா தம்பியின் கையைப் பிடித்தார். "எழுதாதடா. பிப்ரவரி வரைக்கும் ஆஸ்பத்திரி காத்துக்கிட்டு இருக்குமா? நாளைக்கே வேற லாண்டரிக்குப் போயிடுவாங்க. போனது போனதுதான். நீயாவது இரு."

"நான் எப்படிக்கா உன் வீட்ல வந்து சோத்துல கை வைப்பேன்?"

"வைக்காதே. பட்டினி கிட."

அவர் எழுதினார். ஒன்றரைப் பக்கம். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார் என்று அக்கா பின்னாளில் என்னிடம் கூறினார். அதைக் கூறும்போது அவருக்குப் பெருமையா துக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பும்போது பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தார்கள்.

அக்டோபர் பதினாறாம் நாள், வியாழக்கிழமை. காலையில் பெருமழை, நண்பகலுக்குப் பின் தூறல். காற்று தெற்கிலிருந்து மெல்ல வீசியது.

அன்று காலை ஆறு மணிக்கு மருத்துவமனை வண்டி விரிப்புகளை இறக்க வரவில்லை; இருப்பவற்றை எடுத்துச் செல்ல வந்தது. துவைத்து இன்னும் காயாத நூற்று எண்பது விரிப்புகளை ஆறு பெண்களும் கொடியிலிருந்து உருவி, ஈரத்துடனேயே மடித்துக் கட்டினார்கள்.

"ஈரமா அனுப்பினா நாறுமே" என்றாள் அவர்களில் இளையவள்.

"நாறட்டும்" என்றாள் மற்றொருத்தி.

"நம்ம பேர்ல நாறக் கூடாது" என்று அக்கா கூறி, முப்பது விரிப்புகளையாவது ரோலரில் விட்டு எடுத்தார். வண்டிக்காரர் மணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டி போனபின் முதலாளி பாய்லரை அணைத்தார். இருபது ஆண்டுகளாகப் பாய்லரின் முனகல் இல்லாத பகலை அந்த வீடு அறிந்ததில்லை. பேசினால் குரல் சுவரில் மோதித் திரும்பியது. ஆகையால் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கொல்லைத் தொட்டியில் நீர் வடிந்து, ஒன்பது மணிக்கெல்லாம் அடித்தளம் தெரிந்தது. அதன்பின் ஒரு சொட்டுக்கூட ஓடவில்லை.

மூன்று மணிக்கு அக்கா எழுந்தார்.

"எங்க போற?" என்றார் முதலாளி.

"கால்வாய்க்கு. நம்ம தண்ணி நின்னு ஆறு மணி நேரம் ஆச்சு. நுரை நின்னுச்சான்னு பாத்துட்டு வர்றேன்."

"பாத்து?"

"பாக்கணும்." ஒரு மூடியுள்ள பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி வந்தார். அவருடைய காலணிகள் முழுவதும் நனைந்திருந்தன. அடிக்கடி சேற்றை வாசற்படியில் வழித்துவிட்டுக்கொண்டார். உடன் இரண்டு ஊழியர்கள், அரக்கு, துணிப்பட்டை. அவர்களுக்குப் பின்னால் புள்ளி, கையில் திரையுடன்.

"இவன் எதுக்கு?" என்றார் முதலாளி.

"இந்தப் பகுதியில கடைசியா அளந்தவர்தான் மூடுனதையும் பதியணும். அஞ்சு மணி வரைக்கும் இவர் வேலையில இருக்காரு" என்றார் அதிகாரி. குரலில் பகை ஏதும் இல்லை.

இயந்திரங்களின் கதவுகளில் பட்டை சுற்றினார்கள். ரோலரைச் சுற்றப் பட்டையின் நீளம் போதவில்லை. இரண்டைச் சேர்த்து முடிச்சிட்டார்கள். ஆறு பெண்களும் சுவரோரம் நின்று பார்த்தார்கள். அரக்கு உருகும் வாசனை சோப்பு வாசனையை மீறி எழுந்தது.

"படம் எடுத்திடுங்க" என்றார் அதிகாரி.

புள்ளி கொல்லைக்குச் சென்று, தொட்டியின் அருகே நின்றார். மூடியைத் தூக்கக் குனிந்தார், ஆனால் கைகள் திரையைப் பிடித்திருந்தன. முதலாளி கடப்பாரையை எடுத்துவந்து, அதே விளிம்பில் செலுத்தி, மூடியை நெம்பித் தூக்கினார். உள்ளே தொட்டி காய்ந்திருந்தது.

"குடை வேணுமா மாப்ள?" என்றார்.

"மாமா..."

"இல்ல, உங்கக்கா எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதான் கேட்டேன்."

அப்போது அக்கா வந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. நேராக அதிகாரியின் முன்னால் நின்று, பாத்திரத்தை இரு கைகளாலும் குலுக்கி, மூடியைத் திறந்தார். வெண்ணுரை பொங்கி எழுந்து அவர் விரல்களின்மேல் வழிந்தது.

"இப்ப அள்ளினது. கால்வாய் வாயில இடுப்பளவு நிக்குது. காலையிலிருந்து நாங்க தண்ணியே தொடல. இது யாருதுங்க?"

அதிகாரி நுரையைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"தெரியலைம்மா. எங்கிருந்தோ வருது."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்! எழுதிக்கோங்க."

"எங்க எழுதுறது? இதுல படம் போட மட்டும்தான் இடம் இருக்கு. தொட்டியில தண்ணி இருக்கு, இல்ல. அது ரெண்டுதான் கேக்குது."

அக்கா பாத்திரத்தைப் பிடித்தபடியே தம்பியைப் பார்த்தார். புள்ளி தொட்டியின் அருகே திரையுடன் நின்றிருந்தார். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் வேறொருவர் வருவார், அதே மூடியைத் தூக்கச் சொல்வார்.

"எடுத்துடுடா" என்றார் அக்கா. "உங்க மாமா எவ்வளவு நேரம் பிடிச்சிக்கிட்டு நிப்பாரு? கை வலிக்கும்."

புள்ளி குனிந்து படம் எடுத்தார். வறண்ட தொட்டி, கடப்பாரையின் நுனி, பிளந்த நகமுள்ள ஒரு கால். நீரோட்டம் உள்ளதா என்று திரை கேட்டது. இல்லை என்பதைத் தொட்டார். அக்காவின் கையில் நுரை இன்னும் அடங்கவில்லை. சிறுசிறு குமிழ்களாக வெடித்துக்கொண்டிருந்தது. திரையில் சலவைக்கூடத்தின் மேலிருந்த சிவப்புப் புள்ளி ஒருமுறை சிமிட்டிப் பச்சையாயிற்று. மாசு நீக்கப்பட்டது என்னும் இரண்டு சொற்கள் தோன்றின. அவற்றின் கீழே நேரமும் தானாகவே பதிந்தது: மாலை நான்கு மணி பதினேழு நிமிடம்.